காய் பிடிக்கும் வரை கூட இருக்கட்டும்

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், எங்கள் குப்பம் பக்கத்தில் ஐந்நூறு ஏக்கரை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டு நிபுணர்களை வைத்து அவகாடோவும் (பட்டர் ஃப்ரூட்) டிராகன் பழமும் போடப் போகிறோம் என்று ஒரு குழு எங்கள் ஊர்களில் பேசிக்கொண்டிருக்கிறது. நீண்ட காலக் குத்தகை, ஏக்கருக்கு வருடா வருடம் பணம், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை. பாதி ஊர் கையெழுத்துப் போடத் தயார். மீதி ஊர் வெளிநாட்டுக்காரன் சகவாசமே வேண்டாம் என்கிறது. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. வெளியூர் அறிவு நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் நட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிற நிபுணர் வேண்டாம். மரம் காய்த்து, காய் விற்று, காசு கைக்கு வரும் வரை கூட நின்று, நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு எடுத்துக்கொள்கிறவர் வரட்டும். ஊர்க் கூட்டத்தில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நமக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1990களின் பிற்பகுதியில் இஸ்ரேல் முறை விவசாயம் என்று குப்பத்தில் நடந்ததை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு விவசாயிகளின் துண்டு நிலங்களைச் சேர்த்து, வரப்புகளை எடுத்து, ஒரே தோட்டமாக்கிச் சொட்டு நீர் போட்டார்கள். எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விளைச்சல் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செலவைச் சின்ன விவசாயி தன் கையிலிருந்து போட்டுத் தொடர முடியவில்லை. வரப்பு போன நிலத்தில் தன் பங்கு எங்கே தொடங்குகிறது என்ற கவலை வேறு. அந்தப் பெரிய தோட்டம் நிலைக்கவில்லை. நிலைத்தது சொட்டு நீருக்கான டிரிப் குழாய். 1965-ல் இஸ்ரேலின் ஹட்சேரிம் கூட்டுப் பண்ணையில் நெட்டாஃபிம் என்ற நிறுவனம் தொழிலாகத் தொடங்கிய சமாச்சாரம் அது. 2003-ல் ஆந்திர அரசு நுண்ணீர்ப் பாசனத் திட்டம் கொண்டுவந்து மானியம் கொடுத்ததும் துண்டு நிலங்களுக்கும் வந்து சேர்ந்தது. இன்று அரை ஏக்கர் தக்காளி போடுகிறவரும் டிரிப், மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட் என்றுதான் தொடங்குகிறார். குழாய் அடைத்தால் அவரே சுத்தம் செய்வார், எலி கடித்தால் அவரே வெட்டி ஒட்டுவார். நிபுணர் போன பிறகும் நம் கையால் ஓட்டக்கூடியது எதுவோ அதுதான் தங்குகிறது.

நம்மூர்ப் பயிரான வேர்க்கடலையை வைத்தே இன்னொரு கதை இருக்கிறது. 1947-ல் பிரிட்டிஷ் அரசு டாங்கனிகாவில், அதாவது இன்றைய டான்சானியாவில், சுமார் 30 லட்சம் ஏக்கரில் கடலை போடத் திட்டமிட்டது. சில வாரம் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கைதான் அதற்கு அடிப்படை. போரில் மிஞ்சிய டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றிக் கொண்டுபோய்க் காட்டை அழித்தார்கள். கொங்வா என்ற இடத்தின் களிமண், மழை நின்றதும் இறுகிப்போய் மண்வெட்டிக்கே மசியவில்லை. ஈரம் காய்வதற்குள் பிடுங்காவிட்டால் காம்பு அறுந்து காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும் என்று எங்கள் ஊரில் கடலை பிடுங்கப் போகிற எந்த அக்காவும் சொல்லியிருப்பார். 1951-ல் திட்டத்தைக் கைவிட்டபோது 3.5 கோடி பவுண்டுக்கு மேல் போயிருந்தது. படித்தவர்கள்தான் அத்தனை பேரும். அந்த மண்ணில் ஒரு கோடையைக் கூட இருந்து பார்க்காமல் கணக்குப் போட்டார்கள்.

இருந்து பார்த்தவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப்பனையின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலேசியாவில் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவித்தான் காய் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். கேமரூனில் யாரும் தூவாமலே குலை நிறையக் காய்க்கிறதே, ஏன் என்று லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி கேட்டார். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் இருந்து ஆராய்ந்து, ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். வேறு பயிரை அது கெடுக்குமா என்று சோதித்த பிறகே 1981-ல் மலேசியாவில் விட்டார்கள். 1985-ல் அதே வண்டு கேரளத்துக்கும் வந்தது. வெளிநாட்டு நிபுணத்துவம் என்றால் நான் மதிப்பது இதைத்தான்.

சரி, நம் ஐந்நூறு ஏக்கருக்கு வருவோம். டிராகன் பழம் இங்கே ஏற்கெனவே சிலர் போட்டிருக்கிறார்கள், அதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அவகாடோ வேறு. ஒட்டுக்கன்று நட்டால்கூட உருப்படியான காய்ப்புக்கு மூன்று நான்கு வருடம் ஆகும். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வந்து மரமே போய்விடும். நம் செம்மண்ணுக்கு அடியில் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. அந்தக் குழு காட்டிய தாளில் நிபுணர்களுடன் ஒப்பந்தம் இரண்டு வருடம்! முதல் காயைப் பார்க்கும் முன்பே அவர்கள் வேலை முடிந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு அந்தத் தாளில் ஒரு பத்திதான். அடியில் எல்லாம் கருங்கல், ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த போர்வெல் எத்தனையோ. பாலாறு ஆந்திராவுக்குள் ஓடுவது வெறும் 33 கிலோமீட்டர். அதற்குக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர் என்று நம் சொந்தபந்தம் இருக்கிற ஊர்கள். இங்கே உறிஞ்சினால் அங்கேயும் தெரியும். "போர் வத்திப்போச்சுன்னா அவங்க கிளம்பிடுவாங்க, நாங்க எங்கப்பா போறது?" என்று கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார். பதில் வரவில்லை. பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயக் காட்டு யானை பற்றி ஒரு வரிகூட இல்லை. தோட்டத்துக்குள் இறங்கினால் பயிரோடு டிரிப் குழாயும் போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் விவசாயத்தில் வெளிநாட்டு முதலீட்டுக்கு எல்லை உண்டு. பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போன்ற கட்டுப்பாட்டுச் சூழலில் பூ, காய்கறி, பழம் வளர்க்கலாம். தேயிலை, காபி, ரப்பர், ஏலக்காய், எண்ணெய்ப்பனை, ஆலிவ் தோட்டங்களுக்கு அனுமதி உண்டு. திறந்தவெளியில் நினைத்த பயிரைப் போட முடியாது, விவசாய நிலத்தை வாங்கவும் முடியாது. அதனால் வெளிநாட்டு நிபுணர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஆலோசகராகத்தான் வருவார்கள். பயிர் போனாலும் அவர்கள் கட்டணம் வந்துவிடும். அந்தக் கட்டணத்தில் பாதியை அறுவடையோடு கட்டிப்போட எந்தச் சட்டமும் தடையில்லை, கேட்டால்தானே?

என்னைக் கேட்டால், அவர்களிடம் நாம் கற்க வேண்டியது விளைச்சலைவிட அதற்கு அப்புறம் நடப்பதை. 2025-ல் பெங்களூரா மாம்பழத்துக்கு ஆலை கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று முடிவான பிறகும் சித்தூர் மாவட்டக் கூழ் ஆலை வாசல்களில் வண்டிகள் வரிசையில் நின்றன. பழம் விளைவிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரம் பிரிப்பது, குளிரில் வைப்பது, கெடாமல் கப்பல் ஏற்றுவது, வாங்குகிறவனை முன்கூட்டியே பிடிப்பது, இதெல்லாம் கற்றவர்கள் வந்தால் நானே வீட்டில் இடம் கொடுப்பேன்.

முதலில் இருபது ஏக்கர், நிலம் தர முன்வருகிறவர்கள் வரப்பை அழிக்காமல். இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு மீதி. நிபுணர் ஒப்பந்தம் ஐந்து வருடம், கட்டணத்தில் பாதி காய்ப்புக்குப் பிறகு. ஒவ்வொரு போரின் நீர்மட்டமும் பஞ்சாயத்துப் பலகையில். ஒப்பந்தத் தாள் தெலுங்கோடு தமிழிலும். இவ்வளவையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாண்டிக்குடி, கொடைக்கானல் கீழ்மலை, வயநாடு பக்கம் பட்டர் ஃப்ரூட் ஒட்டுக்கன்று போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த வருடம் காய் வந்தது, கோடையில் மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்று எழுதுங்கள். கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.