பண்ணை வீட்டுப் பரணில தொடங்கின கொம்பனியும் எங்கட லேத் பட்டறையளும்

கனநாளா எங்கட ஆக்களிட்ட ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரியிறன், ஆரும் நேரா மறுமொழி சொல்லினம் இல்லை, அதான் இண்டைக்கு இங்க விரிவா எழுதுறன். யாழ்ப்பாணத்தில குருநகர், பாசையூர், பருத்தித்துறை, மயிலிட்டி எண்டு சுத்திவரக் கடலை வச்சிருக்கிற சனம் நாங்கள், ஐஸ் இல்லாட்டி ஒருநாள் பிடிச்ச மீன் அடுத்தநாள் சந்தைக்குப் போகாது, அப்பிடி இருந்தும் குளிராக்கிற மெசினில நானறிய ஒரு வால்வைக்கூட நாங்கள் இங்க செய்யேல்லை. கொம்பிரசர் வெளியால இருந்து வருது, வால்வ் வெளியால இருந்து வருது, குளிர் அறைக்கு அடிக்கிற பனல்கூட கொழும்பால ஏத்திக்கொண்டு வருகினம்.

கேட்டா எல்லாரும் சொல்லுறது ஒண்டுதான். எங்கட இடம் சின்னன், ஒரு மூலையில கிடக்கு, சண்டை எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுது எண்டுவினம். சண்டை அழிச்சது உண்மை, அதை நான் மறுக்கேல்லை. ஆனா சின்ன இடம், மூலை எண்ட கதையைக் கேக்கேக்க எனக்கு டான்ஃபொஸ் எண்ட டென்மார்க் கொம்பனிதான் ஞாபகம் வரும். ஃபிரிட்ஜ் திருத்திற அண்ணைமாருக்கு இந்தப் பேரை விளங்கப்படுத்தத் தேவையில்லை, பழைய ஃபிரிட்ஜுகளுக்குப் பின்னால கறுப்புக் கொம்பிரசரில கண்டிருப்பினம்.

அந்தக் கொம்பனி தொடங்கினது கொப்பன்ஹேகனில இல்லை. அல்ஸ் எண்டு ஒரு தீவு, ஜேர்மன் எல்லைக்குக் கிட்ட. 1864ல ஜேர்மன்காரரிட்டப் போய் 1920லதான் டென்மார்க்குக்குத் திரும்பி வந்த பகுதி, முதலாம் உலகப் போரில அந்தத் தீவுப் பொடியள் ஜேர்மன் படையில நிண்டு சண்டை பிடிக்கவேண்டி வந்தது. அங்க நோர்ட்போர்க் எண்ட ஊருக்குக் கிட்ட ஒரு விவசாயக் குடும்பத்தில 1905ல பிறந்தவர் மட்ஸ் கிளவுசன். பொறியியல் படிச்சார், 1933ல தாய் தேப்பன்ர பண்ணை வீட்டுப் பரண் அறையில கொம்பனியைத் தொடங்கினார். முதல் செய்த சாமான் எக்ஸ்பான்சன் வால்வ்.

இந்த வால்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டா என்ர கதை முழுக்க இதிலதான் நிக்குது. கொம்பிரசர் காஸை அமுக்கி அனுப்பும், அது கொண்டென்சரில சூட்டை விட்டுத் திரவமாகும். அந்தத் திரவம் ஒரு ஊசித் துளையால வெளிய வரேக்க பிரஷர் ஒரேயடியா விழும், உடன கொதிக்கத் தொடங்கும், கொதிக்கிறதுக்கு வேண்டிய சூட்டைச் சுத்திவர இருக்கிற சாமானிட்ட இருந்து உறிஞ்சும், குளிர் எண்டுறது அதுதான். துளையால எவ்வளவு போகவேணும் எண்டதை இந்த வால்வ் தீர்மானிக்கும். திரவம் கொதிச்சுக்கொண்டு ஓடுற வளைஞ்ச குழாய்தான் கொயில், அது முடியிற இடத்தில குழாயோட சேத்து ஒரு சின்னச் செப்புக் குமிழ் கட்டியிருக்கும், அதில இருந்து மயிர்போல ஒரு குழாய் வால்வின்ர தலைக்கு வரும். குழாய் சூடாகினா குமிழுக்குள்ள இருக்கிற காஸ் விரிஞ்சு மெல்லிய தகட்டை அமுக்கும், ஊசி விலகும், கூட விடும். குளிர்ந்தா ஊசி திரும்ப ஏறித் துளையை ஒடுக்கும். கரண்ட் வேண்டாம், ஆளும் பாக்க வேண்டாம். உள்ளங்கைக்குள்ள அடங்கிற சாமான், ஆனா அந்தத் தகடும் ஊசியும் ஒரு மயிரிழை பிழைச்சா கொம்பிரசருக்குள்ள திரவம் போய் அடிச்சு உடைச்சுப்போடும்.

கிளவுசன் இதைக் கண்டுபிடிச்சவர் இல்லை. அமெரிக்க வால்வுகள் ஏற்கனவே இருந்தது. 1930களின்ர பொருளாதார மந்தத்தில டென்மார்க் அரசாங்கம் வெளிநாட்டுக் காசைக் கட்டுப்படுத்தினது, அமெரிக்கச் சாமான் இறக்கிறது கரைச்சலாப் போச்சு, அந்த இடைவெளிக்குள்ள இவர் பூந்தார்.

இதை முதல் தரம் வாசிக்கேக்க எனக்கு உடன வந்த நினைப்பு சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரா இருந்த காலம். 1970ல இருந்து 77 வரைக்கும் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி நிப்பாட்டினதால எங்கட தோட்டக்காரர் கண்ட காசை அதுக்கு முன்னமும் காணேல்லை, பிறகும் காணேல்லை. கல்வீடு எழும்பினது, லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்தது, கிணத்துக்குக் கிணறு வோட்டர் பம் வந்தது. 77ல இறக்குமதிக்குக் கதவு திறந்தவுடன எல்லாம் சரிஞ்சது. அவையைக் குறை சொல்லேல்லை, அவை பாடுபட்டு உழைச்சு பிள்ளையளைப் படிப்பிச்சவை. ஆனா அந்த ஏழு வருசத்துக்குள்ள அந்த வோட்டர் பம்மின்ர ஒரு பாகத்தையாவது இங்க செய்வம் எண்டு காசுள்ளவை யோசிச்சிருந்தா, கதவு திறக்கேக்க கையில வேற ஒரு தொழில் இருந்திருக்கும். கிளவுசனுக்கும் இறக்குமதித் தடைதான் கதவைத் திறந்து விட்டது, ஆனா தடை போன பிறகும் அவர் நிண்டார், ஏனெண்டா அவற்ற வால்வ் அமெரிக்க வால்வுக்குப் பக்கத்தில வைக்கக்கூடின சாமானா இருந்தது.

பிறகு வளந்த கதை கன பேருக்குத் தெரியும், சுருக்கமாச் சொல்லுறன். டான்ஃபொஸ் எண்ட பேர் 1946ல வந்தது, 1951ல ஃபிரிட்ஜ் கொம்பிரசர் செய்யத் தொடங்கினம். 1966ல கிளவுசன் செத்துப்போக மனுசி பிற்றன் கிளவுசன் பொறுப்பை எடுத்தா. 2010ல அந்தச் சின்னக் கொம்பிரசர் பகுதியை வித்துப்போட்டினம், அது இப்ப செகொப் எண்ட பேரில வருது. இண்டைக்கு உலகம் முழுக்க நாப்பதாயிரம் பேர் அளவில வேலை செய்யிற கொம்பனி. தலைமைச் செயலகம் இன்னும் நோர்ட்போர்க்கிலதான். ஊரை விட்டுப் போகேல்லை எண்டதுதான் எனக்கு இதில பெரிய விசயம்.

நாங்கள் மூளை குறைஞ்ச சனமில்லை. 90களில கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள், ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டினனாங்கள். அதைப் பற்றிப் பெருமையாக் கதைக்கிறம், கதைக்கத்தான் வேணும். ஆனா எனக்கு அதில ஒரு மனவருத்தம் இருக்கு. அதைச் செய்த கைகள் ஒண்டும் எழுதி வைக்கேல்லை, அளவு எடுத்து வைக்கேல்லை, ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் அப்பிடியே திருப்பிச் செய்யிற மாதிரி ஒரு படம் கீறேல்லை. சமாளிக்கிறது வேற, தயாரிக்கிறது வேற. நூறாவது வால்வும் முதலாவது வால்வும் ஒரே மாதிரி இருந்தாத்தான் அது தொழிற்சாலை.

இப்பவும் ஒரு ஐஸ் பக்டரிக்குள்ள போய்ப் பாருங்கோ. உப்புத்தண்ணித் தொட்டியில தகர டின்கள் வரிசையாத் தாண்டு நிக்கும், மூலையில அமோனியா கொம்பிரசர் இரையும், மூக்கைக் குத்திற ஒரு மணம் எப்பவும் இருக்கும். டின்னைத் தூக்கிச் சாதாரணத் தண்ணியில ஒருக்கா அமத்தி எடுத்துச் சரிச்சா ஐஸ் வழுக்கிக்கொண்டு வரும். அந்த மெசினைப் பாக்கிற அண்ணைக்கு சத்தத்தை வச்சே வால்வ் கூட விடுதோ குறைய விடுதோ எண்டு தெரியும். “தம்பி, உது திரவம் இழுக்குது, கேக்கேல்லையே?” எண்டு ஒருத்தர் என்னைக் கேட்டார், எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கேல்லை. அந்த அறிவு அவரோட போயிடும். 2022ல டொலர் இல்லாம, டீசல் இல்லாம, ஸ்பெயார் பாட்ஸ் வராம நாடு கிடந்த நேரம் அப்பிடிப்பட்ட ஆக்கள்தான் பழசைக் கழட்டிப் பூட்டி ஓட்டினவை.

நான் கொம்பிரசர் செய்வம் எண்டு சொல்ல வரேல்லை, அது இப்ப எங்களுக்கு எட்டாது. எட்டக்கூடினது இருக்கு. காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலைக் காலத்தில இருந்து ஃபைபர் போட் கட்டின கைகள் எங்களிட்ட இருக்கு, அதே ஃபைபருக்கு நடுவில போம் ஊத்தினா நல்ல ஐஸ் பெட்டி. இப்ப மீன்காரர் வச்சிருக்கிற ரிஜிஃபோம் பெட்டி ரெண்டு மூண்டு மாசத்தில உடைஞ்சு கடலிலயும் வாய்க்காலிலயும் மிதக்குது. ஒரு கிலோ ஐஸ் உருகேக்க 80 கிலோகலோரி சூட்டை இழுக்கும், அந்தச் சூடு மீனில இருந்து போகவேண்டியது, நல்ல பெட்டி இல்லாட்டி ரோட்டு வெயிலில இருந்துதான் போகும். பெட்டிக்குப் பிறகு ஐஸ் டின், உப்புத்தண்ணித் தொட்டி, செப்புக் குழாய் வளைச்சுக் கொயில். எல்லாம் வெல்டிங்கும் தகர வேலையும்தான்.

அச்சுவேலியில கைத்தொழில் பேட்டை இருக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் ஜேர்மன் டெக் எண்ட தொழிற்பயிற்சி நிறுவனமும் பக்கம் பக்கமா இருக்கு. அங்க படிக்கிற பொடியள், பெட்டையள் நாலு பேர் ஒரு வருசத் திட்டத்துக்கு ஒரு ஐஸ் பக்டரியை எடுத்து, தொட்டியின்ர அளவில இருந்து வால்வ் திருகின சுத்து வரைக்கும் கேட்டு எழுதிப் படம் கீறவேணும். மெசின் பாக்கிற அந்த அண்ணையைச் சம்பளம் குடுத்து வகுப்புக்குக் கூப்பிடுங்கோ. படிப்பிக்கிற ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, வாற தவணைக்கே தொடங்குங்கோ, எந்தப் பக்டரிக்கு ஆரோட கதைக்கவேணும் எண்டு இன்பொக்ஸில கேளுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்.