பீடத்திலிருந்து வேட்பாளர் பெயர் வேண்டாம்

தேர்தல் வந்துவிட்டால் திருச்சபை வாய் திறக்கக் கூடாது என்று சொல்பவன் அல்ல நான். மீனவர் பிரச்சினையும் தலித் கிறிஸ்தவர் இடஒதுக்கீடும் மறையுரையில் வரத்தான் வேண்டும். ஆனால் "இந்தச் சின்னத்துக்குப் போடுங்கள்" என்று பங்குத்தந்தையோ போதகரோ சொல்லக் கூடவே கூடாது.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2) பிரிவு தெளிவாக இருக்கிறது. இன்னாருக்கு ஓட்டுப் போட்டால், போடாவிட்டால் கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைப்பது தேர்தல் முறைகேடு. சீக்கியரில் நாம்தாரி என்ற பிரிவின் குரு தன் மக்களுக்கு விடுத்த ஓட்டுக் கட்டளை பற்றிய வழக்கில், 1959இல் உச்ச நீதிமன்றம் கோட்டைக் கிழித்தது: மதத்தலைவர் ஒரு வேட்பாளரை ஆதரித்துப் பேசலாம், மீறினால் தெய்வக் குற்றம் என்று தோன்றும்படி கட்டளையிடக் கூடாது.

என் கேள்வி இதுதான். பீடத்திலிருந்து வரும் சொல் வெறும் பரிந்துரையாக நிற்குமா? திருப்பலி நடுவே எழுந்து யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, கல்லறையில் இடம், பள்ளியில் சீட்டு, எல்லாவற்றுக்கும் பங்குத்தந்தையிடமே போய் நிற்க வேண்டும். தெய்வத்தின் பெயரைச் சொல்லாமலே பயம் வந்துவிடும்.

வேட்பாளர் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் அதே சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. 2004 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் மூவாற்றுப்புழாவில் பி.சி. தாமஸ் 529 ஓட்டில் வென்றார். போப், அன்னை தெரசா படங்களை வைத்துக் கத்தோலிக்கரிடம் ஓட்டுக் கேட்டதற்காக அந்த வெற்றி ரத்தானது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இப்படிப்பட்ட வழக்குகள் தோற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. வேட்பாளரோ அவருடைய முகவரோ சம்மதித்தார் என்று நிரூபிக்க வேண்டும். பங்குத்தந்தை தானாகப் பேசினார் என்றால் மனு நிற்காது. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகவும் வேண்டும். ஆனால் 1988 மத நிறுவனங்கள் (தவறான பயன்பாட்டுத் தடுப்பு) சட்டத்துக்குச் சம்மதக் கணக்கே கிடையாது. ஆலய வளாகத்தைக் கட்சிப் பிரசாரத்துக்கு விட்டால் பொறுப்பாளருக்கு 5 ஆண்டு வரை சிறை. பங்குப்பேரவையில் (ஆலய நிர்வாகக் குழுவில்) இருப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

புகார் செய்ய தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் (cVIGIL) செயலி போதும். ஆனால் அந்தச் செயலியிலேயே, அந்த இடத்திலேயே படமோ வீடியோவோ எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை ஏற்ற முடியாது. பலருடைய புகார் இங்கேதான் வீணாகிறது.

சபைக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அன்பியக் கூட்டங்களில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் கூட்டங்களில்) வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்ப உதவட்டும். தொகுதியின் எல்லா வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களும் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கின்றன. எங்கே பார்ப்பது, வழக்கு விவரமும் சொத்து விவரமும் எந்தப் பகுதியில் வரும் என்று சொல்லிக்கொடுக்கட்டும். யாருக்குப் போடுவது என்பதை மட்டும் மக்களிடம் விட்டுவிடட்டும்.