பவுல் வேதத்தை மட்டும்தான் மேற்கோள் காட்டினாரா?

"பிரசங்கத்தில் சினிமாக் கதையை இழுப்பது இந்தக் காலத்துச் சீர்கேடு, பவுல் வேதவசனத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாம் பாதி சரியில்லை.

பைபிளில் அப்போஸ்தலர் 17:28-ஐ எடுத்துப் பாருங்கள். அத்தேனேயில், மார்ஸ் மேடையில் நின்றுகொண்டு, "உங்கள் புலவர்களிலும் சிலர்" சொன்னதாகவே பவுல் ஒரு வரியைச் சொல்கிறார்: நாம் அவருடைய சந்ததியார். அது கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கவிஞர் அராட்டஸ், நட்சத்திரங்களைப் பற்றிப் பாடிய கவிதையின் தொடக்கத்தில் வருவது. அங்கே "அவர்" என்றால் யார் தெரியுமா? கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான சீயுஸ்! கேட்டவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். 1 கொரிந்தியர் 15:33-இல் வரும் ஆகாத சம்பாஷணை பற்றிய வாக்கியமும் மெனாந்தரின் நாடக வரி என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். மேடை நகைச்சுவை எழுதியவர் அவர். தீத்து 1:12-இல் கிரேத்தா தீவுக்காரர் ஒருவரின் சொல்லும் உண்டு.

ஆராதனையில் வேதம் கட்டளையிட்டது மட்டுமே இருக்க வேண்டும் என்று கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபுச் சபைகள் பல சொல்கின்றன. அது ஒரு நிலைப்பாடு, தாராளமாக வாதிடலாம். அதற்காகப் பவுல் செய்ததை மறைக்க வேண்டாமே.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அத்தேனேயில் பவுல் அந்தக் கவிதையை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. ஒரே வரி, அப்புறம் நேராக மனந்திரும்புதல், நியாயத்தீர்ப்பு, உயிர்த்தெழுதல். முக்கால்வாசி நேரம் படத்தின் கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வசனத்தை ஒட்டவைக்கிறவர்கள் பவுலைத் துணைக்குக் கூப்பிட முடியாது.