ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு வேலை உண்டு

தூது ஆர்.என்.ஏ. செய்தியைக் கொண்டுசெல்லும், கடத்து ஆர்.என்.ஏ. அமினோ அமிலத்தைக் கொண்டுவரும், ரைபோசோம் ஆர்.என்.ஏ., செல்லில் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் ஒரு பகுதியாக இருக்கும். உயிரியல் பாடத்தில் நம்மில் பலர் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான். முதல் இரண்டுக்கும் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, மூன்றாவதைச் சும்மா இருக்கும் ஒன்றாக விட்டுவிடுகிறோம். புரத உற்பத்தியின் மையமான வேதிவினையை நடத்துவதே அந்த மூன்றாவதுதான் என்பது தெரிந்து கால் நூற்றாண்டு ஆனபின்னும் இப்படியே கற்பிப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏ.வில் ஏறத்தாழ 80 விழுக்காடு ரைபோசோம் ஆர்.என்.ஏ.தான், தூது ஆர்.என்.ஏ.வின் பங்கு சில விழுக்காடு மட்டுமே. 1961இல் அடையாளம் காணப்பட்ட தூது ஆர்.என்.ஏ., தடுப்பூசிகளாலும் கட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோர் பெற்ற 2023ஆம் ஆண்டு நோபல் பரிசாலும் இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. அந்தப் புகழ் அதற்குத் தகும். ஆனால் செய்தி மட்டும் இருந்தால் புரதம் உருவாகிவிடாது. அதைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்க ஒன்று வேண்டும்.

வேதிவினை என்றால் அதை நடத்துவது புரத நொதியாகத்தான் இருக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் ஆகியோரின் குழுவினர், உப்பு நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் ரைபோசோமிலிருந்து பெரிய துணையலகை (ரைபோசோமின் இரு பகுதிகளில் பெரியதை) படிகமாக்கி அதன் அமைப்பை அணு அணுவாகப் பார்த்தபோது, அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு உருவாகும் இடத்திலிருந்து ஏறத்தாழ 18 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தொலைவு வரை எந்தப் புரதமும் இல்லை. அங்கே இருந்தது ஆர்.என்.ஏ. மட்டுமே. அதாவது, உயிரினங்களின் புரதங்களை எல்லாம் கோத்துத் தருவது ஓர் ஆர்.என்.ஏ. நொதி. சிறிய துணையலகின் கதையும் இதுதான்: தூது ஆர்.என்.ஏ.வின் கோடானும் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) கடத்து ஆர்.என்.ஏ.வில் அதனோடு பொருந்தும் எதிர்க்கோடானும் சரியாகப் பொருந்தினவா என்று தொட்டுப் பார்ப்பவை ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் மூன்று காரங்கள் (ஆர்.என்.ஏ.வின் 'எழுத்துகள்') என்று வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு காட்டியது. இவரும் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும் 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தச் சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 1962இல் நடந்த ஓர் அழகான சோதனையில், கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை நிக்கல் கொண்டு அலனின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிவிட்டார்கள். ரைபோசோம் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. சிஸ்டீன் சேர வேண்டிய இடத்தில் அலனினைச் சேர்த்தது. அது பார்ப்பது எதிர்க்கோடானைத்தான், தொங்கும் அமினோ அமிலத்தை அல்ல. சரியான அமிலத்தைச் சரியான கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் பொறுப்பு தனி நொதிகளுடையது, அவை புரதங்கள். ஆகவே புரதங்களுக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. பங்கு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

இது பாடநூலோடு நின்றுவிடும் செய்தியும் அல்ல. எரித்ரோமைசின், அசித்ரோமைசின், குளோரம்பெனிகால் ஆகிய மருந்துகள் பாக்டீரியாவின் பெரிய துணையலகில் உள்ள ஆர்.என்.ஏ.வில்தான் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஆர்.என்.ஏ.வின் ஒரே ஓர் அடினின் காரத்தில் மெத்தில் தொகுதி என்ற சிறு வேதித் துணுக்கைச் சேர்த்துக்கொள்ளும் பாக்டீரியாவிடம் எரித்ரோமைசின் பலிப்பதில்லை. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை வெறும் 'பகுதி' என்று படித்த மாணவருக்கு, ஒரு காரத்தில் நேரும் இவ்வளவு சிறிய மாற்றம் மருந்தையே எப்படிச் செயலிழக்கச் செய்கிறது என்பதை எதைக் கொண்டு விளக்குவது?