அந்தக் கேள்விக்கு "ஆம்" என்றே எழுதுங்கள்

நேற்று இரவு ஒரு மாணவி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "அண்ணா, போன வருஷம் எனக்கு விசா ரிஜெக்ட் ஆச்சு. இப்ப வேற நாட்டுக்கு அப்ளை பண்றேன். இதுக்கு முன்னாடி எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கான்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு. அங்க மறுத்தது இங்க தெரியாது, 'இல்லை'ன்னே போட்டுடலாம்னு கன்சல்டன்சியில சொல்றாங்க. போடலாமா?"

போடாதீர்கள். அவருக்கும் இதைத்தான் சொன்னேன். ஆனால் இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வரும் மூன்றாவது ஆள் அவர். அதனால் பொதுவில் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கும் ஒருமுறை விசா மறுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து காஸ் எண்ணும் (இடம் கொடுத்ததை உறுதிசெய்யும் எண், விசாவுக்கு இது வேண்டும்) வந்துவிட்டது. கட்டணத்துக்கும் அங்கே தங்கும் செலவுக்கும் வேண்டிய பணத்தை அப்பா தன் கணக்கில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த 28-வது நாளும், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். விஷயம் என்னவென்றால், 19-ஆம் நாள் ஒரு அவசர மருத்துவச் செலவுக்காக அப்பா கொஞ்சம் பணம் எடுத்தார். மறுநாளே திருப்பிப் போட்டுவிட்டார். ஸ்டேட்மெண்டில் அது ஒரே ஒரு வரி, இரண்டாவது பக்கத்தின் நடுவில். அந்த ஒரு நாள் இருப்பு, வேண்டிய தொகைக்குக் கீழே போயிருந்தது.

கன்சல்டன்சியில் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். கடைசியில் போதுமான தொகை இருந்தது. நான் அதைக்கூடப் பார்க்கவில்லை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். மறுப்புக் கடிதத்தில் அந்தத் தேதியும் அன்றைய இருப்பும் அப்படியே குறிப்பிடப்பட்டிருந்தன. நான்கு முறை படித்தேன். நான் படிக்கத் தகுதியில்லாதவன் என்று அதில் எங்கேயும் இல்லை. ஒரு நாள் கணக்கில் பணம் குறைந்தது, அவ்வளவுதான். அங்கே மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே கட்டியிருந்த ஹெல்த் சர்சார்ஜ் திரும்பி வந்தது, விசாக் கட்டணம் வரவில்லை.

இதுவரை நடந்தது சரிசெய்யக்கூடிய தவறு. அடுத்து நடக்க இருந்ததுதான் சரிசெய்ய முடியாதது.

"தம்பி, அந்த நாடு வேண்டாம், கனடாவுக்குப் போட்டுடலாம்" என்றார் கன்சல்டன்சியில் இருந்தவர். சரி என்றேன். பத்து நாளில் ஃபார்மை நிரப்பி, ஆன்லைனில் ஏற்றுமுன் சரிபார்க்கச் சொல்லி அச்சிட்டுக் கொடுத்தார்கள். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற இடத்தில் "இல்லை" என்று ஏற்கெனவே குறித்திருந்தது. கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று நான் உறுதி கூறும் வாசகம். அதற்குக் கீழே கையெழுத்துக்கான கோடு. அந்தக் கோட்டில் எழுத வேண்டியது என் பெயர். "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்றார்கள். நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அங்கே மறுத்தது இங்கே தெரியாது என்பது பழைய காலத்துப் பேச்சு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டவை. கைரேகை ஒப்பீடும் அதில் அடக்கம். நீங்கள் விசா மையத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் விரல் வைத்தீர்களே, அது ஒரு நாட்டோடு முடிந்துபோவதில்லை.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா? பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் கனடாவில் 5 ஆண்டுத் தடை. பிரிட்டனில் ஏமாற்ற முயன்றதாகத் தீர்மானித்தால் 10 ஆண்டு வரை விண்ணப்பங்களை மறுக்கலாம். ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு. அமெரிக்கச் சட்டத்திலோ, வேண்டுமென்றே பொய் சொல்லி விசா பெற முயன்றவருக்கு வாழ்நாள் முழுவதும் அனுமதி மறுக்க இடமிருக்கிறது. ஃபார்மை நிரப்பியது ஏஜென்ட் என்று சொன்னாலும் எடுபடாது, விண்ணப்பம் உங்களுடையது. சும்மா ஒரு மறுப்பு வாங்கியதற்கு இப்படித் தடை எதுவும் கிடையாது. அடுத்த முறை பேப்பரைச் சரியாக வைத்தால் அதே நாடே விசா கொடுக்க வாய்ப்புண்டு. ஒரு வரிக் கணக்குப் பிழையை 10 ஆண்டுக் கதவடைப்பாக மாற்றிக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு!

ஏஜென்டுகள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள், தேதி நினைவூட்டுவார்கள், அலைச்சல் குறையும். ஆனால் அவர்களில் பலருக்கு வருமானமே, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு கல்லூரி கொடுக்கும் கமிஷன்தான். உங்கள் ஃபைல் நின்றுபோனால் அவர்களுக்கு ஒரு ஃபைல் போச்சு. உங்களுக்குப் போவது வயது.

எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று நாம் எழுதிக் கொடுக்கும் கட்டுரை, அந்த விஷயமும் இதேதான். எனக்கு எழுதிக் கொடுத்ததில், நான் சிறு வயதிலிருந்தே அந்தத் துறையில் தீராத ஆர்வம் கொண்டவன் என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரிகூட என்னைப் பற்றியது இல்லை, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல், இப்படிக் கட்டுரை வாங்கும் பழைய முறையை மாற்றி, ஃபார்மிலேயே நேரடிக் கேள்விகள் கேட்கிறது. குடும்பச் சூழல் என்ன, ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நிறுவனம், படித்தால் என்ன பயன் என்று. ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்கு மேல் எழுத முடியாது. அவ்வளவு சின்ன இடத்தில் அலங்காரத்துக்கு வழியே இல்லை. உங்கள் காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் நிரப்ப முடியும். அமெரிக்க நேர்காணல் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். அங்கே குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு, வருகிற ஒவ்வொருவரும் குடியேறவே வருகிறார் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது நாம். மனப்பாடம் செய்த வேறொருவர் வாக்கியத்தை வைத்து அதைக் காட்ட முடியாது.

நான் அடுத்த முறை மறுபடியும் பிரிட்டனுக்கே போட்டேன், தனியாக. மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு "ஆம்". விளக்கத்தில் எழுதியது நான்கே வரி: எந்த ஆண்டு, எந்த விசா, என்ன காரணம் சொன்னார்கள், இப்போது அது எப்படிச் சரியாகியிருக்கிறது. மறுப்புக் கடிதத்தின் நகலும், 28 நாளும் நாள்வாரியாக இருப்பைக் காட்டும் ஸ்டேட்மெண்டும் இணைத்தேன். கெஞ்சவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. அந்த 28 நாளும் தினமும் அப்பா பாஸ்வேர்ட் போட்டு இருப்பைப் பார்த்து, எனக்கு ஒரு டிக் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். விசா வந்தது.

வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்பதும் புரிகிறது. ரிஜெக்ட் ஆன செய்தி பரவினால் ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள். அவர்களிடம் சொல்லாதீர்கள், அது உங்கள் உரிமை. தூதரகத்திடம் மறைப்பது அப்படியல்ல.

அந்த மாணவி இன்று காலை தன் விளக்கத்தை எழுதி அனுப்பினார். ஏழு வரி இருந்தது, ஐந்தாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமாவது மறுப்புக் கடிதம் இருந்து, காரணம் புரியாமல் இருந்தால், பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் உட்கார்ந்து படித்துப் பதில் போடுகிறேன்.