பேச்சு மட்டும்தான் நினைவிருக்கிறதா?

அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கப்பலில் செய்த கலகத்தைச் சொல்லும் 'அமிஸ்டாட்' படம் பார்த்த யாரைக் கேட்டாலும், அவர்களுக்காக நீதிமன்றத்தில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் பேசும் காட்சியைத்தான் சொல்கிறார்கள். நேற்றும் ஒரு நண்பர் அதையே சொன்னார். எரிச்சலாக வருகிறது. 1839-இல் உயிரைப் பணயம் வைத்து, கலகத்துக்குத் தலைமை தாங்கிக் கப்பலைக் கைப்பற்றியவர், அந்த ஆப்பிரிக்கர்களில் ஒருவரான செங்பே பியே. அந்தப் பெயர் ஏன் யார் வாயிலும் வருவதில்லை?

அப்புறம், 'கடைசியில் நீதி வென்றது' என்று ஒரு நிம்மதிப் பெருமூச்சு. என்ன நீதி? விற்கப்பட்ட 53 பேரில் 4 பேர் குழந்தைகள். அவர்களை விடுவித்த 1841 தீர்ப்புக்குப் பிறகு ஊர் திரும்பக் கப்பலேறியவர்கள் 35 பேர்தான். அந்தப் பயணத்துக்கும் அரசு காசு தரவில்லை, அடிமைமுறையை எதிர்த்தவர்கள்தான் நன்கொடை திரட்டினார்கள். அமெரிக்காவில் மற்ற அடிமைகளுக்கு விடுதலை கிடைக்க 1865 வரை ஆனது.