வாங் சாங்யுவேயைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

சீனத்துத் தாவோ மத மடங்களைப் பற்றி யார் எழுதினாலும் செங்கிஸ்கானில்தான் தொடங்குகிறார்கள். சுவான்சென் பிரிவின் சியூ சூஜி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு சீடர்களோடு மத்திய ஆசியாவைக் கடந்து, 1222-ல் இந்துகுஷ் பக்கம் கானைப் பார்த்தார். அடுத்த ஆண்டே அவருடைய துறவிகளுக்கு வரிவிலக்கு கிடைத்தது. பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மடங்களை இன்றுவரை நிற்க வைத்தவர் என்று நான் நினைப்பது பதினேழாம் நூற்றாண்டுத் துறவி வாங் சாங்யுவேயைத்தான்.

1656-ல், மஞ்சு அரசர்கள் பெய்ஜிங்கைப் பிடித்துப் பன்னிரண்டே ஆண்டுகளில், அங்குள்ள வெள்ளை மேக மடத்தில் அவர் வெளிப்படையாகத் தீட்சை கொடுக்கத் தொடங்கினார். மூன்று படிகளாக விதிகள். அவருடைய லோங்மென் பரம்பரை, சியூ சூஜியிடமிருந்தே வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சுவான்சென் கிளை; அதற்கு ஒரு செய்யுள் உண்டு. தலைமுறைக்கு ஓர் எழுத்து, அந்த எழுத்து துறவியின் பெயரில் இருக்கும். ஏழாவது எழுத்து ‘சாங்’. அதனால்தான் அவர் சாங்யுவே.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. சியூ இறந்தது 1227-ல். அங்கிருந்து 1656 வரை 429 ஆண்டுகள்; தலைமுறைகளோ ஏழே ஏழு! போதாததற்கு, முதல் தலைமுறை என்று சொல்லப்படும் சாவ் தாவ்ஜியன், கானைப் பார்க்கப் போகும் வழியிலேயே 1221-ல் இறந்துவிட்டார், குருவுக்கு ஆறு ஆண்டு முன்னால். பரம்பரைக் கதையோ 1280-ல் அவருக்குக் குரு உபதேசம் கொடுத்ததாகச் சொல்கிறது. இந்தச் சங்கிலி பின்னால் உட்கார்ந்து கோத்தது. பக்தர்களுக்கு வருத்தமாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதற்காக எல்லாமே மோசடி என்று தள்ளிவிடுபவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பெயர் எழுத்து என்ன வேலை செய்தது என்று பாருங்கள். சிறு கோயில்களில் குரு சீடனை வளர்ப்பார், சொத்தும் சீடனுக்கே போகும், ஆனால் அங்கே தீட்சை கிடையாது. தீட்சை பெரிய பொது மடத்தில்தான். அங்கே யாரும் சொந்தச் சீடர் வைத்துக்கொள்ள முடியாது, சொத்து எல்லோருக்கும் பொது. தலையில் கொண்டையும் தோளில் மூட்டையுமாக எங்கிருந்தோ ஒரு துறவி வாசலில் வந்து நிற்பார். எந்தப் பரம்பரை, யார் குரு என்று கேட்பார்கள். காலை வழிபாட்டு மந்திரங்களைச் சொல்லச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் படுக்க இடம், சாப்பாடு, அதோடு செய்ய வேலையும் உண்டு. முன்பின் தெரியாத இருவர், பெயரைக் கேட்டதுமே யார் மூத்தவர் என்று தெரிந்துகொண்டார்கள்.

வாங் சாங்யுவே 1680-ல் இறந்தார். அவருடைய சீடர்கள் செய்யுளின் எட்டாவது எழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டார்கள்: ‘ஷோ’. காத்தல் என்று பொருள்.